கோடை முகாமில் பிள்ளைகளின் மருந்துகள்: வாங்கி வைப்பது முதல் திருப்பிக் கொடுப்பது வரை

மே மாதத்தில் ஏலகிரியிலோ ஏற்காட்டிலோ எட்டு நாள், பத்து நாள் தங்கும் முகாம் நடத்துகிறவர்கள் மருந்துப் பொறுப்பை எப்படி ஒப்படைப்பார்கள் தெரியுமா? "நீங்க டீச்சர்தானே, இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க." எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதன் பிறகு பல கோடைகள் அந்த மேஜையில் உட்கார்ந்தாயிற்று. புதிதாக வருகிறவர்கள் எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதும் பழகிவிட்டது.

அறுபது எழுபது பிள்ளைகள் வந்தால் பத்துப் பன்னிரண்டு பேராவது தினசரி மருந்தோடு வருவார்கள். 8 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். முகாமில் முழுநேர மருத்துவர் இல்லை, ஒரு நர்ஸோ விவரம் தெரிந்த ஆசிரியரோ பொறுப்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். இரவு எட்டரை மணிக்கு மாத்திரை ஆள்மாறிப் போனால், காரணம் பெரும்பாலும் முதல் நாள் காலைப் பதிவு மேஜையில்தான் இருக்கும். அதனால் பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முந்தைய படிகளை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம்.

1. மூன்று வாரம் முன்பு: கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

படிவத்தில் "ஏதேனும் நோய் உள்ளதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் எழுதி வரும். பெற்றோர் பொய் சொல்வதில்லை. அவர்களைப் பொறுத்தவரை வீசிங் ஒரு நோயே இல்லை, "குளிர் காத்து பட்டா மட்டும் வரும்". வலிப்பும் இல்லை, "மாத்திரைல கட்டுப்பாட்டுல இருக்கு". பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று மறைக்கும் குடும்பங்களும் உண்டு. பத்து வயதில் படுக்கையை நனைக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் எழுதவே மாட்டார்கள்.

அதனால் நோயைக் கேட்காதீர்கள், மருந்தைக் கேளுங்கள். தினமும் என்ன கொடுக்கிறீர்கள்? அவ்வப்போது என்ன கொடுக்கிறீர்கள்? கடைசி ஒரு வருடத்தில் எதற்காவது ஆஸ்பத்திரியில் இரவு தங்க நேர்ந்ததா? பையில் என்னென்ன மாத்திரை வைத்து அனுப்பப்போகிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உண்மை வெளியே வரும். பையில் மினிரின் வைக்கிறார்கள் என்றால் படுக்கை நனையும் விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடும், அவர்களும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தை யார் பார்ப்பார்கள் என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். இரண்டு பேர் போதும்.

"அலர்ஜி உண்டா" என்பதோடு நிறுத்தாமல், சாப்பிட்டதும் என்ன ஆனது என்றும் கேளுங்கள். கத்தரிக்காய் சாப்பிட்டால் நாக்கு அரிப்பது வேறு, முந்திரி சாப்பிட்டு உதடு வீங்கி மூச்சுத் திணறியது வேறு. இரண்டாவது ரகப் பிள்ளையின் பெயர் சமையலறைச் சுவரிலும் இருக்க வேண்டும்.

மருந்துச்சீட்டின் படத்தை வாங்குங்கள். கூடவே ஒரு கட்டத்தில் மணி நேரத்தைப் பெற்றோரே எழுதட்டும். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்பது நமக்குத் தெரியும். ஆனால் காலை என்றால் வீட்டில் எத்தனை மணிக்கு என்பது சீட்டில் இருக்காது. வலிப்பு மாத்திரை காலை ஏழு, இரவு ஏழு என்று பழகிய உடம்பு அது. முகாமில் ஒன்பதரைக்கும் பத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் இடைவெளி குலைந்துவிடும். இன்னொன்று: சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருப்பதை 'அவசரம்' என்று படித்துப் பதறிய தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதே அதன் பொருள். அந்தத் 'தேவை' எப்படி இருக்கும், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை முறை கொடுக்கலாம் என்பதைப் பெற்றோர் எழுதித் தர வேண்டும்.

படிவம் வந்ததும், தினசரி மருந்து எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும். எழுதத் தயங்கியதை அம்மாக்கள் போனில் சொல்லிவிடுவார்கள்.

2. மலை ஏறுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், முகாமுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவர் ஒருவர் கையெழுத்திட்ட பொதுப் பட்டியல். வீட்டிலிருந்து வராத எந்த மருந்தை நீங்கள் கொடுக்கலாம், எடைக்கு எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளி, எப்போது நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் பட்டியல் ஒரு பக்கம்கூட வராது: பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., செட்டிரிசின், காலமைன் லோஷன், காயத்துக்கான களிம்பு. அதற்கு மேல் எதுவும் இல்லை. பட்டியலில் இல்லாததை, எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும் கொடுக்காதீர்கள். மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கை "போன தடவை இதுலதான் சரியாச்சு" என்று நீட்டுகிறவர்கள் முகாமிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

அடுத்தது, ஆஸ்பத்திரிக்கான வழி. ஏலகிரியில் இருந்தால் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கித்தான் ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் போயாக வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 வளைவுகள். அதனால் மேலேயே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மணி வரை, இரவில் யார் இருப்பார்கள், ஆக்சிஜனும் நெபுலைசரும் உண்டா, பாம்புக்கடிக்கு மருந்து உண்டா என்று நேரில் போய்க் கேட்டு வாருங்கள். 108-க்குச் சொல்ல வேண்டிய அடையாளத்தை (எந்த ஊர், எந்தச் சாலை, பக்கத்தில் எந்தக் கோயில்) ஒரு அட்டையில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் இடம் சொல்ல வராது. செல்போன் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்பதும் அதே அட்டையில் இருக்கட்டும்.

பிறகு சாமான்கள்: பூட்டக்கூடிய பெட்டி இரண்டு, எடை பார்க்கும் மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், மி.லி. கோடு போட்ட ஊசியில்லாச் சிரிஞ்சுகள், ஸ்பேசர் (இன்ஹேலர் மருந்தை இழுக்க உதவும் குழாய்) ஒன்று கூடுதலாக, குளுக்கோஸ் பவுடர், ஜிப் வைத்த கவர்கள், பக்க எண் அச்சிட்ட நீள நோட்டு. டீஸ்பூன் வேண்டவே வேண்டாம். சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

3. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது

வாட்ஸாப்பில் ஒரே செய்தி. மருந்து கடையிலிருந்து வந்த அட்டையிலேயே வர வேண்டும், டப்பாவில் கொட்டி வரக் கூடாது.

நம் ஊர் மருந்துக்கடைகளில் எட்டு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத்தான் கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டில் போய்விடும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். நம் கைக்கு வருவது பளபளக்கும் வெள்ளித்தாள் மட்டும். அதற்குள் இருப்பது தைராய்டா, வலிப்பு மாத்திரையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முழு அட்டையாக வாங்கச் சொல்லுங்கள். பெயரும் தேதியும் படிக்க முடியாத துண்டை நாங்கள் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று காலை மேஜையில் சொன்னால் சண்டைதான் வரும்.

நாளுக்குக் கணக்குப் போட்டு, கூடவே இரண்டு நாளுக்கு அதிகம். மாத்திரை கீழே விழும், பிள்ளை துப்பிவிடும், மலையில் மழை பிடித்து பஸ் ஒரு நாள் தள்ளிப்போகும். அரை மாத்திரை என்றால் வீட்டிலேயே உடைத்து அனுப்பக் கூடாது. எத்தனை துண்டு, எது எதன் பாதி என்று அப்புறம் தெரியாது.

ஹோமியோபதி உருண்டை, சித்த மருந்துச் சூரணம், சத்து மாத்திரை, இருமலுக்குச் சப்பும் மிட்டாய் எல்லாமே மருந்துதான். "அது சும்மா ஹோமியோதான்" என்று பையிலேயே விட்டுவிட்டால், அதைக் கூட இருக்கும் ஆறு பிள்ளைகளும் இனிப்பாக இருக்கிறதென்று பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். பார்த்திருக்கிறேன்.

12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு நிமுசுலைடு கொடுப்பதை இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். இன்னும் சில வீடுகளின் காய்ச்சல் டப்பாவில் அது இருக்கிறது. வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. பதிவு மேஜை: மருந்து மேஜையைத் தாண்டித்தான் படுக்கை

முதல் நாள் வரிசை இப்படி இருக்க வேண்டும்: பெயர்ப் பதிவு, மருந்து மேஜை, எடை, அதன் பிறகே அறையும் கட்டிலும். எல்லாரும் மருந்து மேஜைக்கு வர வேண்டும், மருந்து இல்லாதவர்களும்கூட. "மருந்து இருக்கிறவங்க மட்டும் இந்தப் பக்கம்" என்று சொன்னீர்களானால் கூச்சப்படும் பிள்ளை நேராகக் கட்டிலுக்குப் போய்விடும்.

பெற்றோர் நேரில் வந்தால் நல்லது. சென்னையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவதானால் பஸ் ஏறும் இடத்தில்தான் இந்த மேஜையைப் போட வேண்டும். நான் இருந்த ஒரு முகாமில் பஸ்ஸோடு போன தம்பியிடம் பெற்றோர்கள் ஜன்னல் வழியாக மருந்துக் கவர்களை நீட்டியிருக்கிறார்கள். அவரும் பவ்யமாக எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். மேலே வந்து பார்த்தால் பதினோரு கவர்கள். நான்கில் பெயரே இல்லை. இரண்டு பாட்டில் மூடி திறந்து, பையே சிரப்பில் ஊறிக் கிடந்தது. அன்று மாலை முழுக்க ஒவ்வொரு வீட்டுக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் இரவு மாத்திரையை யாருடையது என்று உறுதி செய்வதற்குள் மணி பதினொன்று.

மேஜையில் செய்ய வேண்டியது, வரிசைப்படி:

முதலில் அட்டையையும் மருந்துச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மி.கி., தேதி. ஒரே மருந்து 250, 500 என்று இரண்டு அளவில் வரும். சீட்டில் 250 என்றிருக்க கடையில் 500 கொடுத்து "பாதியா போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதைப் பெற்றோர் முன்னாலேயே எழுதி வையுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையாக இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பெற்றோரே அங்கேயே போனில் கேட்கட்டும்.

அடுத்து, எண்ணுங்கள். பெற்றோர் பார்க்க எண்ணி, எண்ணிக்கையை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏ.டி.எச்.டி.) கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்றவை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறவை. இரண்டு மாத்திரை குறைந்தால் யாரிடம் கேட்பது? எண்ணாமல் வாங்கியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

பிறகு கவர். பிள்ளையின் போட்டோ, முழுப்பெயர், தகப்பனார் பெயர், அறை எண். போட்டோ எதற்கு என்று சிரிப்பார்கள். எங்களுக்கு ஒரே வருடத்தில் மூன்று ஹரிணிகள் வந்தார்கள், இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றே. இன்னொரு சிக்கல்: படிவத்தில் இருப்பது பள்ளிக்கூடப் பெயர், பிள்ளை திரும்பிப் பார்ப்பதோ வீட்டுப் பெயருக்கு. 'அப்பு' என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்த பையனின் மாத்திரைக் கவரில் வேறு பெயர் இருந்தால், இரவு ட்யூட்டிக்கு வரும் புது ஆள் தடுமாறத்தானே செய்வார்? கவரில் இரண்டையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: "இன்னைக்கு என்ன போட்டாச்சு?" மலைப் பாதையில் வாந்தி வருமென்று கிளம்புமுன் அவோமின் கொடுத்திருப்பார்கள். அது தூக்கத்தைத் தரும். அது தெரியாமல் அன்று மாலை அரிப்புக்குச் செட்டிரிசினும் கொடுத்தால் பிள்ளை சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்கி விழும். காலை வேளை வீட்டில் போட்டாகிவிட்டதா என்பதும் இதே கேள்வியில் தெரிந்துவிடும்.

எடையை நீங்களே பாருங்கள். படிவத்தில் உள்ள எடை போன வருடப் பள்ளி டைரியிலிருந்து எடுத்ததாக இருக்கும்.

5. நோட்டு

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், ஒரு வேளைக்கு ஒரு கட்டம். கட்டத்தில் டிக் போடாதீர்கள். கொடுத்த மணியையும் உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். டிக் எப்போது போட்டதென்று அதற்கே தெரியாது. கொடுக்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'தூங்கிவிட்டான்', 'மறுத்தாள்', 'வாந்தி' என்று காரணத்தை எழுதுங்கள்.

கொடுத்த பிறகு எழுத வேண்டும். ஏழு பேருடையதை மொத்தமாக முன்கூட்டி நிரப்பி வைத்துவிட்டுக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. நடுவில் ஒருவர் கூப்பிட்டுவிட்டால் ஆறாவது பிள்ளைக்குக் கொடுக்காமலேயே கொடுத்ததாக நோட்டு சொல்லும்.

6. பூட்ட வேண்டியதும் பூட்டக் கூடாததும்

தினசரி மருந்துகள் எல்லாம் பெட்டிக்குள், பெட்டி அறைக்குள், சாவி ஒருவர் கழுத்தில். மாற்றுச் சாவி யாரிடம் என்பது இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

மூச்சுத் திணறலுக்கான இன்ஹேலர், வலிப்புக்கான மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே, சர்க்கரை குறைந்தால் கொடுக்கும் குளுக்கோஸ், யாராவது கொண்டுவந்தால் கடும் அலர்ஜிக்கான அட்ரினலின் ஊசி ஆகியவற்றைப் பூட்டக் கூடாது. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பொறுப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பில் இன்ஹேலரையும் பூட்டிவிடுவார்கள். பிள்ளை மைதானத்தில் இரைக்கிறது, சாவி வைத்திருக்கும் அக்கா குளித்துக்கொண்டிருக்கிறார். பெரிய பிள்ளையானால் இன்ஹேலர் அதன் இடுப்புப் பையிலேயே இருக்கட்டும். சின்னப் பிள்ளையானால் அதன் குழுவோடு எப்போதும் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ இருக்கட்டும். குழு மாறும்போது பையும் கை மாற வேண்டும்.

இன்ஹேலர் இரண்டு வகை என்பதை எல்லாத் தன்னார்வலர்களுக்கும் காட்டிவிடுங்கள். உடனே மூச்சைத் திறப்பது சால்பூட்டமால் வகை. தினமும் காலை மாலை இழுப்பது ஸ்டீராய்டு வகை. இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். இரைப்பு வந்த நேரத்தில் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பயன் இல்லை. நிறத்தை நம்பாமல் மேலே பெரிய எழுத்தில் 'அவசரத்துக்கு' என்று ஒட்டிவிடுங்கள். குலுக்கிப் பார்த்துச் சத்தம் வந்தால் மருந்து இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு சலசலக்கும்.

7. இன்சுலின் வந்தால்

இதற்குத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், பெற்றோரோடும் பிள்ளையோடும். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். நம் வேலை பக்கத்தில் நின்று அளவைப் பார்ப்பதும் சாப்பாட்டை நேரத்துக்குக் கொண்டுவருவதும்தான்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவோ பாட்டிலோ வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம்வரை பொதுவாகத் தாங்கும். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்தது உருகி நன்றாகத் தெரிந்தாலும் வீண்தான். முகாம் ஃப்ரிட்ஜ் என்பது பால் பாக்கெட்டும் மாவுப் பாத்திரமுமாக நாள் முழுக்கத் திறந்து மூடும் சமையலறை ஃப்ரிட்ஜ். மூடி போட்ட டப்பாவில் இன்சுலினை வைத்து, நடுத் தட்டில், ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள். மலையில் கரண்ட் போனால் ஈர மணலில் வைத்த மண்பானை கை கொடுக்கும்.

சிரிஞ்ச் விஷயத்தில் தூக்கத்திலும் தவறக் கூடாத ஒன்று உண்டு. இந்தியாவில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. மி.லி.க்கு 100 யூனிட் உள்ளதும் வருகிறது, அதன் சிரிஞ்சு மூடி ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பாட்டிலின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் ஒவ்வொரு முறையும் பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஊசி போடுவதற்கு முன்னால் சமையலறைக்குப் போய் உங்கள் கண்ணால் சோற்றைப் பாருங்கள். "அஞ்சு நிமிஷத்துல ரெடி" என்று சமையல் மாஸ்டர் சொல்வதை நம்பி ஊசி போட்டுவிட்டு, சாம்பார் கொதிக்க முக்கால் மணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், பேச்சுக் குழறல், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழ்: உடனே 15 கிராம் குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

8. கொடுக்கும் வேளை

மைக்கில் கூப்பிடாதீர்கள். "மாத்திரை சாப்பிடறவங்க எல்லாம் வாங்க" என்று ஒரு முறை அறிவித்தால் மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள். சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில் ஒரு அறை, அங்கே ஒவ்வொருவராக வந்து போகட்டும். வராதவரைத் தேடிப் போவது உங்கள் வேலை.

ஒரு நேரத்தில் ஒரு கவர் மட்டும் மேஜையில். பிள்ளையிடம் "நீ ஹரிணிதானே?" என்று கேட்காதீர்கள், பாதித் தூக்கத்தில் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். "உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன?" என்று கேட்டு, போட்டோவைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, அட்டையைப் படித்து, பிறகு பிரியுங்கள். மாத்திரையைக் கையால் தொடாமல் மூடியில் விழவையுங்கள். தண்ணீர் குடித்ததும் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அட்டையின் எழுத்து இல்லாத ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே போனால் கடைசி மாத்திரை வரை பெயர் இருக்கும்.

சில மருந்துகளுக்கு முகாமின் மணியே எதிரி. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பிட அரை மணி நேரமாவது இருக்கும்போது போட வேண்டும். ஆறு மணிக்குப் பால் கொடுக்கும் முகாமில் ஐந்தரைக்கே எழுப்பிக் கொடுத்தாக வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் பசியை அடக்கும், மாலையில் போட்டால் தூக்கத்தையும் கெடுக்கும். அதனால் காலைச் சாப்பாடு உள்ளே போனதைப் பார்த்துக் கொடுங்கள். மினிரின் போட்ட பிள்ளை இரவில் நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது; உடலில் உப்பு இறங்கிவிடும். "தண்ணி குடி, தண்ணி குடி" என்று எல்லாரையும் விரட்டும் இரவுக் காவல் அண்ணனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், காரணம் தெரிய வேண்டியதில்லை.

மாதவிடாய் வலிக்கான மாத்திரையை அனேகமாக எல்லாப் பெண்பிள்ளைகளும் பையில் ஒளித்து வைத்திருப்பார்கள், பதிவு மேஜையில் காட்ட மாட்டார்கள். பெண் பொறுப்பாளர் ஒருவர் முதல் நாள் இரவு அறைக்கே போய்ப் பேச வேண்டும்.

9. காய்ச்சல், வாந்தி, பேதி

முகாமில் நீங்கள் அதிகம் கொடுக்கப்போவது பாராசிட்டமால்தான், தவறுவதும் அதில்தான். கணக்கு வயதுக்கு இல்லை, எடைக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை. 30 கிலோ பிள்ளைக்கு 450 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ளதும் உண்டு, 120 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் 9 மி.லி. கொடுத்தால் சரியான அளவு. இரண்டாவதில் அதே 9 மி.லி. பாதிக்கும் குறைவு. மாற்றிக் கொடுத்தால் இரட்டிப்பு. முகாமுக்கு ஒரே அளவு சிரப்பை மட்டும் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. டோலோ 650-ஐ 25 கிலோ பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்கிறவர்களை நானே தடுத்திருக்கிறேன். "வீட்ல அதான் சார் போடுவாங்க."

இடைவெளி ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கிடையாது. கொடுப்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேளுங்கள்: சளிக்கு ஏதாவது போட்டாயா? சினாரெஸ்ட் போன்ற சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் கொடுத்தால் கணக்கு தப்பிவிடும். கோம்பிஃப்ளாம் போன்ற இபுப்ரூஃபென் கலந்தவை முகாமில் வேண்டாம். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை அது மோசமாக்கும், முதல் நாளில் டெங்குவா இல்லையா என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது வேளை பாராசிட்டமால் தேவைப்படுகிறதா? மருத்துவரைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீரில். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் உப்பு அதிகமாகிப் பேதி கூடும். கடையில் அட்டை டப்பாவில் குளிரக் குளிர விற்கும் பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, அவற்றில் சர்க்கரை மிக அதிகம். பேதியை நிறுத்தும் மாத்திரை பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

10. மலையேறும் நாள்

கிளம்புமுன் இந்த நடைக்குள் யாருக்கு மருந்து வேளை வருகிறது என்று நோட்டைப் பாருங்கள். அந்த வேளைக்கு உரியதை மட்டும் பெயரோடு ஒரு கவரில் எடுங்கள். மருந்துப்பை கடைசியாக நடக்கிறவரிடம் இருக்க வேண்டும். பின்தங்குகிற பிள்ளைக்குத்தான் இரைக்கும். முன்னால் போனவர் திரும்பி இறங்கி வருவதற்குள் பொழுது போய்விடும். காலையில் செட்டிரிசின் போட்ட பிள்ளையை நீச்சலுக்கோ பாறை ஏறவோ அனுப்பாதீர்கள்.

வழியில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் நுழைக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்ப்ரே, உடனே 108.

இரைப்பு என்றால் நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக, பிள்ளையின் மருத்துவர் எழுதிய எண்ணிக்கைப்படி ஒவ்வொரு அழுத்தாகக் கொடுங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ கணக்கு முடியக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுத் தொடருங்கள்.

11. தவறு நடந்துவிட்டால்

நடக்கும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்காதீர்கள். பெற்றோரைக் கேட்டு, வலிப்பு மருந்தாக இருந்தால் மருத்துவரையும் கேட்டுச் செய்யுங்கள். மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தாலும் அப்படியே. போட்ட மணி, வாந்தி எடுத்த மணி இரண்டையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

ஆள்மாறிக் கொடுத்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு, பிள்ளையின் எடை என்ன என்று எழுதிக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அனுப்பச் சொன்னால் அட்டையும் கூடவே போக வேண்டும். பிறகு இரண்டு வீட்டுக்கும் நீங்களே போன் செய்யுங்கள், உண்மையில் தன் மருந்தை இழந்த பிள்ளையின் வீட்டுக்கும் சேர்த்து. அந்த இரண்டாவது பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

தவறு செய்த தன்னார்வலரை அங்கேயே திட்டாதீர்கள். அடுத்த தவறை அவர் சொல்லாமல் விட்டுவிடுவார்.

12. கடைசி நாள்

மீதியை எண்ணி, நோட்டோடு ஒப்பிட்டு, பெற்றோர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பஸ்ஸில் திறந்து பார்ப்பார்கள். எந்தெந்த வேளை விட்டுப்போனது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய் ஏதாவது ஆனால் அவர்கள் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பயணத்தில் சிக்கும் வேளையைக் கவனியுங்கள். ஏலகிரியிலிருந்து பஸ் மாலை நாலரைக்குக் கிளம்பி இரவு பத்துக்குச் சென்னை சேரும். ஏழு மணி மாத்திரை ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் எங்கேயோ வரும். முகாம் கொடுத்திருக்கும் என்று வீட்டிலும், வீட்டில் கொடுப்பார்கள் என்று முகாமிலும் நினைத்து விட்டுப்போகிற வேளை இது ஒன்றுதான். அதற்கு உரிய மாத்திரைகளைத் தனிக் கவரில் போட்டு, நோட்டின் அந்தப் பக்கங்களோடு பஸ்ஸில் போகிறவர் கையில் கொடுங்கள். மீதிப் பெட்டியைப் பூட்டியே அனுப்புங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும்.